கசக்கிப் பார்த்த ஏழு டாலர்

வெற்றிலைக்கு மேல் ஒரு நோட்டுக் கிடந்தது. அதில் ஏழு என்று போட்டிருந்தது.

ஐந்து டாலர் தெரியும். பத்து, இருபது, ஐம்பது, நூறு எல்லாம் தெரியும். ஏழு டாலர் நோட்டு என்று ஒன்றை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. இங்கே அவுஸ்திரேலியாவில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடையில் இருபது வருடத்துக்கு மேலாகக் கல்லாவில் நிற்கிறேன். எனக்குத் தெரியாத நோட்டா?

மகள் மதுராவின் கலியாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்றால் இரண்டே பேர். மாப்பிள்ளை ரோனீல், அவருடைய அப்பா முனிசாமி. தாய் இல்லை. ஃபிஜித் தீவில் இருந்து வந்து குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு வாங்கி இருக்கிற ஆட்கள்.

முனிசாமி தட்டை என்னிடம் நீட்டவில்லை. மேசையில் வைத்தார். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்து அந்த நோட்டை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, வெற்றிலைக்கு மேல் வைத்தார். பிறகு உள்ளங்கைகளைக் குழித்து மூன்று தரம் தட்டினார். தொம், தொம், தொம்.

என்னத்துக்குத் தட்டுகிறார்? நான் இவரைப் பார்த்தேன். என் மனுசனை எழுத்தில் 'இவர்' என்றுதான் சொல்லுவேன், அது இந்தப் பத்திரிகையில் என்னை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். இவர் சிரித்துக்கொண்டு இருந்தார். ஆர் வந்தாலும் இவர் சிரிப்பார்.

"கலியாணம் முடியுற வரைக்கும் இது உங்க வீட்ல இருக்கணும், சம்பந்தி" என்றார் முனிசாமி. பிறகு ஏதோ விளக்கத் தொடங்கினார். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டேன். அதுதான் நான் விட்ட முதல் பிழை.

எனக்கு ஏன் பிடிக்கவில்லை

ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்கு அந்தச் சம்பந்தம் முதல் நாளில் இருந்தே பிடிக்கவில்லை.

தமிழர் என்கிறார்கள். வீட்டுக்குள் ஹிந்தி கதைக்கிறார்கள். கவுண்டர் என்று பெயருக்குப் பின்னால் போடுகிறார்கள். எந்த ஊர்க் கவுண்டர் என்று கேட்டால் "மெட்ராஸ் பக்கம்" என்கிறார்கள். மெட்ராஸ் பக்கம் என்றால் எந்தப் பக்கம்? ரோனீல் என்று தமிழில் ஒரு பெயர் இருக்கிறதா? பெடியனுக்கு லிஃப்ட் திருத்துகிற வேலை. நல்ல சம்பளம் என்றாள் மதுரா. மதுரா நர்ஸ். வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்குள் சிக்கி, திறக்க வந்தவனைப் பிடித்துக்கொண்டாள். அந்த லிஃப்ட் தானாக நின்றதா, இவன் நிற்பாட்டினானா என்றுகூட நான் யோசித்தேன்.

அவர்கள் போன பிறகு குசினிக்குள் விசாரணை நடந்தது.

"அந்தாள் என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"ஏதோ விளையாட்டில வென்றதுக்கு அடிச்ச நோட்டாம்" என்றார் இவர்.

"விளையாட்டில வென்றால் கப் குடுப்பாங்கள். காசு அடிப்பாங்களோ?"

"அடிச்சிருக்கிறாங்கள், அதுக்கு நான் என்ன செய்ய?"

"உங்களை ஏமாத்திப் போட்டுப் போறான் மனுசன், நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறியள்."

"நீர் பொலிசில சேர்ந்திருக்க வேண்டிய ஆள்" என்றார் இவர்.

மதுரா கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்காமல், "அம்மா, ஸ்டொப் இட். ப்ளீஸ்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் சின்னப் பிள்ளையில் இருந்தே கோபம் வந்தால் இங்கிலீசுக்குப் போய்விடுவாள்.

நோட்டில் ராணி இல்லை. ராசா இல்லை. ஒருத்தன் முட்டை மாதிரி ஒரு பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். மற்றப் பக்கம் ஒரு கூட்டம் சந்தோசமாக நிற்கிறது. கிளப் ஒன்று நிதி சேர்க்க அடித்த டிக்கெட் மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. என்னுடைய ஒரே பிள்ளையைக் கேட்டு வந்த தட்டில் இதை வைத்தால் நான் என்ன நினைக்க?

காசைச் சந்தேகப்படப் பழகியது

இந்தப் புத்தி எனக்கு எங்கே இருந்து வந்தது என்றும் சொல்லவேணும்.

என் அப்பா அரசாங்கக் கச்சேரியில் சிறாப்பர், காசாளர். அரசாங்கக் காசை வாங்குவதும் கொடுப்பதும் அவர் வேலை. புது நோட்டு எது கையில் வந்தாலும் யன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். தாளுக்குள் சிங்கம் ஒன்று ஒளிந்திருக்கும். வெளிச்சத்தில் மட்டும் தெரியும். சிங்கத்தைக் கண்டால்தான் நோட்டை மேசையில் வைப்பார். அவருடைய விரல் எப்போதும் நோட்டு எண்ணத் தொடுகிற ஈரப் பஞ்சு மணக்கும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் அரசாங்கம் நூறு ரூபாவும் ஐம்பது ரூபாவும் இனிச் செல்லாது என்றது. கொண்டு போய் வங்கியில் கொடுங்கள் என்றது. அப்பா அன்று சாப்பிடவில்லை. "சிங்கம் உள்ளுக்கு இருக்கு. நோட்டு நல்ல நோட்டு. ஆனால் காசு இல்லை எண்டு சொல்லுறாங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடித்தவனே இல்லை என்று சொன்னால் பிறகு எதை நம்புவது? அந்தக் கேள்வி எனக்குள் அப்படியே இருந்துவிட்டது.

எங்கள் தீவின் காசும் பல வேசம் போட்டது. முதலில் இங்கிலாந்து ராசாவின் தலை. பிறகு எங்கள் ஆட்களின் தலை. பிறகு வண்ணாத்திப்பூச்சி, பறவை, மீன். கிரிக்கெட்டில் உலகக் கோப்பை வென்றதற்குக்கூட நாணயக் குத்தி அடித்தார்கள். அது எனக்கு நினைவு வந்திருந்தால் இந்தக் கதையே நடந்திராது. ஆனால் அந்தக் கோப்பை வென்ற காலத்தில் யுத்தத்துக்குள் நாங்கள் இருந்த நிலையில் கோப்பையும் தெரியாது, குத்தியும் தெரியாது. எங்கள் நோட்டில் மூன்று மொழி இருக்கும். தமிழும் இருக்கும். நோட்டில் மட்டும் எங்களுக்கு இடம் தாராளமாகத் தந்தார்கள்.

அவுஸ்திரேலியா வந்த பிறகு சிங்கத்தைத் தேடுகிற வேலை இல்லாமல் போனது. இங்கே நோட்டு பிளாஸ்டிக். கடையில் எனக்கு முதல் நாளே பழக்கினார்கள்: சந்தேகம் வந்தால் கைக்குள் வைத்துக் கசக்கு, கையை விரி. நல்ல நோட்டு தானாக விரியும். கள்ள நோட்டு கசங்கினபடி கிடக்கும்.

அப்படி மூன்று கள்ள நோட்டுப் பிடித்திருக்கிறேன். ஒன்று பிள்ளைகள் விளையாட விற்கிற நோட்டு, ஓரத்தில் புரியாத எழுத்து. முதலாளி எனக்கு ஒரு பெட்டி மாம்பழம் தந்தார். எனக்கு அதில் பெருமை. பெருமை வந்த இடத்தில்தான் மனுசர் விழுகிறது.

கசக்கினேன்

திங்கட்கிழமை காலை, சாமியறைத் தட்டில் இருந்து அந்த நோட்டை எடுத்தேன். உறையை அங்கேயே விட்டுவிட்டு நோட்டைக் கைப்பைக்குள் வைத்தேன். கலியாணம் முடியும் வரைக்கும் இருக்கவேணும் என்று அந்தாள் சொன்னது காதில் கேட்டது. இருக்கட்டும், பின்னேரம் திருப்பி வைக்கலாம் என்று நினைத்தேன்.

மத்தியானம் கடையில் ஆள் குறைந்த நேரம். கல்லாவில் நின்றபடி நோட்டை உள்ளங்கையில் வைத்து மூடி, நல்லாக இறுக்கினேன். பத்து வரைக்கும் எண்ணினேன். கையை விரித்தேன்.

அது விரியவில்லை. கசங்கின கறிவேப்பிலை மாதிரிக் கிடந்தது.

"பிடிச்சிட்டன்!" என்று கத்தினேன். முதலாளி அண்ணை அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன அக்கா?"

"கள்ள நோட்டு. சம்பந்தம் பேச வந்தவன் தட்டில வைச்ச நோட்டு."

அவர் வந்து பார்த்தார். "ஏழு டாலரோ? இப்பிடி ஒண்டு இருக்கோ எண்டு ஃபோனில தட்டிப் பாருங்கோவன்."

"ஃபோனில இருக்கிறதெல்லாம் உண்மையோ? என்ர கை பொய் சொல்லாது."

இன்றைக்கு அதை எழுதும்போது எனக்கே முகத்தில் அறைய வேணும் போல் இருக்கிறது.

குவேக்கர்ஸ் ஹில்

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. மதுராவிடம் சொல்லவில்லை. இவரிடமும் சொல்லவில்லை. பிளாக்டவுனில் ரயில் மாறிக் குவேக்கர்ஸ் ஹில்லில் இறங்கி நடந்தேன். வழியெல்லாம் வசனம் பாடமாக்கினேன். எங்களைப் பைத்தியம் எண்டு நினைச்சியளோ. என்ர பிள்ளையின்ர விலை ஏழு டாலரோ, அதுவும் கள்ள டாலரோ. இப்படி.

முனிசாமி கராஜைத் திறந்து வைத்து, உள்ளே கதிரை போட்டு, மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டு இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு எடுத்த மனுசன். என்னைக் கண்டதும் எழும்பிக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார்.

"வாங்க வாங்க! தனியாவா வந்தீங்க? ஃபோன் பண்ணா நான் ஸ்டேஷனுக்கு வந்திருப்பேனே."

நான் கதிரையில் இருக்கவில்லை. கைப்பையைத் திறந்து, கசங்கின நோட்டை எடுத்து, கிழங்குத் தோலுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். பிறகு கதிரையைத் தடவிப் பிடித்து இருந்தார். முகத்தில் இரத்தம் இல்லை. பிடிபட்ட கள்ளன் இப்படித்தான் இருப்பான் என்று நான் நினைத்தேன்.

"திருப்பிக் குடுக்குறீங்களா?" என்றார். "அப்ப பொண்ணு இல்லையா?"

எனக்கு விளங்கவில்லை. "என்ன சொல்லுறியள்?"

"ரோனீல் என்ன தப்பு பண்ணான்? சொல்லுங்க. நான் கேக்குறேன் அவன."

"நோட்டைப் பற்றிக் கதையுங்கோ. பெடியனை விடுங்கோ."

"நோட்டுதான் பேச்சு, சம்பந்தி" என்றார். "ஞாயித்துக்கிழமை சொன்னேனே. நீங்க கிச்சன்ல இருந்தீங்க."

அப்போதுதான் சொன்னார். ஃபிஜியில் அந்த ஊர் மக்கள் பெண் கேட்டுப் போகும்போது திமிங்கிலப் பல் ஒன்று கொண்டு போவார்கள். இரண்டு கையாலும் பிடித்துக் கொடுப்பார்கள். கையைக் குழித்துத் தட்டுவார்கள். பெண் வீட்டார் அதை வாங்கினால் சம்மதம். திருப்பிக் கொண்டு வந்து வைத்தால், பெண் இல்லை. பேச்சு முடிந்தது. மறுத்துப் பேச ஒரு வார்த்தையும் தேவையில்லை.

"பல்ல இங்க கொண்டு வர முடியாது, ஏர்போர்ட்ல விட மாட்டான். அதான் இந்த நோட்டு. நாங்க அங்க நாலு தலைமுறை இருந்துட்டோம். அவங்க பழக்கம் பாதி நம்ம பழக்கம் ஆயிடுச்சு."

அவர் சொன்ன காசுக் கதை

அந்தத் தீவில் முதலில் பல்தான் பெரிய பொருள். கடைக்குப் போய் உப்பு வாங்குகிற காசு இல்லை அது. பெண் கேட்க, சண்டை நிறுத்த, மன்னிப்புக் கேட்கத்தான் அது. பிறகு வெள்ளைக்காரன் பவுணும் ஷில்லிங்கும் கொண்டுவந்தான். முனிசாமியின் ஆட்கள் கரும்பு வெட்டப் போன காலத்தில் ஒரு நாள் கூலி ஒரு ஷில்லிங். அது கைக்கு வருவதற்குள் பாதி குறைந்துவிடும். பெரிய யுத்த நேரம் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்து, ஒரு பென்னிக்கே தாளில் நோட்டு அடித்தார்களாம். பிறகு டாலர். நாடு சுதந்திரம் எடுத்து, ராணியே வேண்டாம் என்று சொன்ன பிறகும் ராணி நோட்டில் இருந்து இறங்கவில்லை. பல வருடம் அப்படியே இருந்தாள். கடைசியில் இறக்கிவிட்டு மீனும் பறவையும் போட்டார்கள்.

மீனும் பறவையும் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒன்று இடித்தது. எங்கள் தீவும் அதைத்தானே செய்தது. ஆனால் நான் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"இந்த ஏழு?" என்றேன்.

"ரக்பி. ஏழு பேர் ஆடுற ரக்பி. ஒலிம்பிக்ல தங்கம் அடிச்சாங்க. நம்ம நாடு அதுக்கு முன்னாடி ஒரு மெடலும் வாங்கினதில்ல. அன்னிக்கு ஒருத்தனும் வேலைக்குப் போகல. நான் பஸ்ஸ ரோட்டோரம் நிறுத்திட்டேன், பாசஞ்சரோட கடைக்குள்ள போய் டிவி பாத்தேன்." மனுசன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அப்புறம் அதுக்கு நோட்டு அடிச்சாங்க. பெரிய க்யூ. என் சம்சாரம் போய் நின்னா. உடம்பு முடியாத நேரம். கால் வீங்கி இருக்கும். போகாதன்னேன். கேக்கல. ரெண்டு வாங்கிட்டு வந்தா. ஒண்ண செலவு பண்ணிட்டோம். ஒண்ண உறையில போட்டு, ரோனீலுக்குப் பொண்ணு கேக்கப் போகும்போது இதத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டா."

அவர் நோட்டைத் தொடவில்லை. அது மேசையில் கிடந்தது. காற்றில் ஒரு மூலை ஆடியது.

"எப்படிக் கசங்கிச்சு?" என்றார்.

நான் வாயால் வெட்டுகிறவள். பொய் சொல்லத் தெரியாதவள். ஆனால் அந்த இடத்தில் ரயில், கைப்பை, தண்ணீர் என்று மூன்று பொய் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

"நான் கசக்கினனான். கள்ள நோட்டு எண்டு நினைச்சனான். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"இது பேப்பர், சம்பந்தி" என்றார். "இங்க இருக்குற பிளாஸ்டிக் இல்ல. பேப்பரக் கசக்குனா கசங்கும்."

நோட்டை எடுத்துக் கராஜ் வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். "பாருங்க. தாளுக்குள்ள உருவம் இருக்கு."

நான் பார்க்கவில்லை. அப்பா தூக்கிப் பிடித்த அதே மாதிரித்தான் அவரும் பிடித்தார். சிறாப்பரின் மகள் நான். நோட்டைத் தூக்கிப் பார்க்கவேணும் என்பதை இருபது வருடப் பிளாஸ்டிக்கில் மறந்துபோனேன். எந்த முகத்தோடு பார்ப்பது? நிலத்தில் கிடந்த கிழங்குத் தோலைப் பார்த்தேன்.

அவர் நோட்டை மறுபடி மேசையில் வைத்தார். என் கைக்குத் தரவில்லை. "இப்ப நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அவரைப் பற்றி எனக்கு இருந்த சந்தேகம் எல்லாம் அந்த நிமிசமே கரைந்து போனது என்று எழுதினால் அது பொய். எந்தப் பக்க மெட்ராஸ் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் நான் கையை நீட்டாவிட்டால் மதுராவின் கலியாணம் அந்தக் கிழங்குத் தோலோடு முடிந்துபோகும். அவளுக்கு ஏன் என்றுகூடத் தெரியாது.

இரண்டு கையாலும் எடுத்தேன். கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடினேன்.

முனிசாமி உள்ளங்கையைக் குழித்தார். தொம், தொம், தொம்.

"ரோனீலுக்கு சொல்ல வேணாம்" என்றார். "அவங்கம்மா வச்சது. தாங்க மாட்டான்."

பழி

வீட்டுக்கு வந்து ஃபோனில் தட்டிப் பார்த்தேன். ஏழு டாலர் உண்மை. அதோடு நிற்கவில்லை, எண்பத்தெட்டுச் சதத்துக்கும் நோட்டு அடித்திருக்கிறார்கள், இரண்டாயிரம் டாலருக்கும் அடித்திருக்கிறார்கள். வாங்கிச் சேர்க்கிற ஆட்களிடம் நல்லாக விற்கலாம் என்றுதான் அடிக்கிறார்கள் என்பது என் எண்ணம். அரசாங்கம் எந்த அரசாங்கமானாலும் எனக்கு ஒன்றுதான்.

கலியாணத்தன்று தட்டில் நோட்டை ரோனீல் கண்டான். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டு இருக்கிறார், இவன் தட்டையே பார்க்கிறான். பெரிய புத்தகங்களுக்கு அடியில் மூன்று மாதம் வைத்தும் அந்த மடிப்புகள் போகவில்லை.

"டாட், வட் ஹாப்பண்ட்?"

"தட்டுல வைக்க வாங்கி என் பர்ஸ்ல வச்சேன். மடிஞ்சு போச்சு" என்றார் முனிசாமி.

நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். பட்டுச்சேலை, பூ, எல்லாம் கட்டிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஊரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் வாய் திறக்கிற நான்.

ரோனீல் அதன் பிறகு தகப்பனோடு சரியாகக் கதைக்கவில்லை. மாதக்கணக்கில். "ஹீ நெவர் கெயார்ட் அபௌட் மம்ஸ் திங்ஸ்" என்று மதுராவிடம் சொல்லி இருக்கிறான். மதுரா அதை என்னிடம் சொன்னாள். தனக்கும் மாமாவில் கோபம் என்றாள். நான் பருப்பைத் தாளித்துக்கொண்டு நின்றேன். கடுகு கருகியது.

இந்தப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியபோது உண்மை மட்டும்தான் எழுதுவேன் என்று பெரிய வாயாகச் சொன்னேன். இந்த அத்தியாயத்தை எழுதினால் மதுரா வாசிக்க மாட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் வாசிக்கிற உங்களில் ஒருவர் கோயிலில் கண்டு அவளிடம் சொல்லுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

அதனால் அதற்கு முதல், போன சனிக்கிழமை மத்தியானம், மதுராவும் ரோனீலும் இருக்கிற வீட்டுக்குப் போனேன். முனிசாமியையும் வரச் சொன்னேன். நாலு பேரும் மேசையில் இருக்கும்போது சொன்னேன். கசக்கினது நான். வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்காமல் கள்ளன் என்று நினைச்சது நான். உங்கட அப்பா என்னைக் காப்பாற்றினவர்.

மதுரா இங்கிலீசுக்குக்கூடப் போகவில்லை. "எப்பிடி அம்மா?" என்றாள். "எப்பிடி நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள்?" முனிசாமி "விடு பேட்டி, விடு" என்றார். பேட்டி என்றால் ஹிந்தியில் மகள்.

ரோனீல் எழும்பினான். வெளியே போகப் போகிறான் என்று நினைத்தேன். கலியாணத்துக்குப் பிறகு அந்த நோட்டைப் போட்டு மாட்டியிருந்த சட்டத்தைச் சுவரில் இருந்து கழற்றி, பின் அட்டையை எடுத்து, நோட்டை வெளியே எடுத்தான். தகப்பனின் தோளில் ஒரு கையை வைத்தான். மற்றக் கையால் நோட்டை என்னிடம் நீட்டினான்.

"அன்ரி, யூ நெவர் லுக்ட், நோ?" என்றான். "இப்ப பாருங்க."

யன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். முதலில் தெரிந்தது நான் போட்ட மடிப்புகள்தான், ஒவ்வொன்றாக. அதற்குப் பிறகுதான் தாளுக்குள் ஒளிந்திருந்த உருவம் தெரிந்தது, அப்பாவின் சிங்கம் மாதிரி.